ஊர்ப்பெயர் பெற்ற வைரஸ்



பழனி மலைத்தொடர் வடக்கே சரிந்து சமவெளியைத் தொடும் இடத்தில் எங்கள் ஊராகிய பாலசமுத்திரம் அமைந்துள்ளது. பாலாறு, பொருந்தலாறு என்னும் இரண்டு ஆறுகளின் நீரைத் தேக்கும் அணை ஊருக்கு அண்மையில் உள்ளது. அங்கு நின்று ஒருபுறம் நோக்கினால் கொடைக்கானலைத் தாங்கி நிற்கும் மலைகள் நீல நிறச் சுவர்போலத் தோன்றும். மறுபுறம் நோக்கினால் பழனியாண்டவர் குன்று தெரியும். இந்த வட்டாரத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியனாகவும், பின்னர்த் தலைமை ஆசிரியனாகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். இன்று உங்களிடம் ஒரு வரலாறு கூற வந்திருக்கிறேன். அரசர்களின் வரலாறன்று, போர்களின் வரலாறுமன்று. மனிதனின் கண்ணுக்குத் தெரியாத ஒரு வைரஸையும், அது இருதயத்துக்குச் செய்யும் தீங்கையும் அறிஞர்கள் அறிந்துகொண்ட வரலாறு அது. அதனுள் என் சொந்த வரலாறும் சிறிது கலந்திருக்கிறது. அதனை முதலில் கூறிவிடுகிறேன்.

1988-ஆம் ஆண்டு தை மாதம். ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்து ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. அறிவியல் பாடத்தோடு விளையாட்டுப் பயிற்சியையும் நானே கவனித்து வந்தேன். பள்ளிகளுக்கிடையே ஓட்டப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பள்ளியின் நம்பிக்கையாக ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் இருந்தான். அவன் நான்கு நாள் பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சல், உடல்வலி, வயிற்றுப்போக்கு என்று அவன் தாயார் சொல்லியனுப்பினார். ஐந்தாம் நாள் வந்தான். மாலையில் பயிற்சிக்கு அழைத்தேன். “ஐயா, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, மூச்சு வாங்குகிறது” என்றான். “காய்ச்சல்தான் விட்டுவிட்டதே! இரண்டு சுற்று ஓடினால் உடம்பு தானாகச் சரியாகிவிடும்” என்றேன். ஆசிரியர் சொல்லைத் தட்டாத பிள்ளை அவன். ஓடினான். இரண்டாம் சுற்று முடியுமுன் சாலையோரத்தில் சாய்ந்து விழுந்தான்.

பழனிக்குக் கொண்டுசென்றோம், அங்கிருந்து மதுரைக்கு. மறுநாள் இரவு மருத்துவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, “பையனுக்கு அண்மையில் காய்ச்சல் வந்ததா?” என்று கேட்டார். ஆம் என்றேன். “அதற்குப் பிறகு ஏதேனும் கடுமையாக உழைத்தானா?” என்று கேட்டார். நான் விடை சொல்லச் சிறிது நேரம் ஆயிற்று. அவர் கடிந்துகொள்ளவில்லை. “இருதயத் தசையில் அழற்சி ஏற்பட்டிருக்கிறது. இது பெரும்பாலும் வைரஸால் வருவது. காக்சாக்கி என்றொரு வைரஸ் உண்டு. இந்நோய்க்கு அதனைப் பெரிதும் காரணமாகக் கூறுவார்கள். இவனுக்கு வந்தது அதுதானா என்று சோதித்துச் சொல்ல இங்கு வசதியில்லை” என்று மட்டும் கூறினார். அவன் பிழைத்துக்கொண்டான். ஆனால் ஆறு மாதம் படுக்கையில் கிடந்தான். அவனுடைய இருதயம் பழைய நிலைக்கு முழுதும் திரும்பவேயில்லை.

காக்சாக்கி என்ற சொல்லை அன்றுதான் நான் முதன்முதலாகக் கேட்டேன். அது என்ன மொழி, என்ன பொருள் என்று எனக்குத் தெரியவில்லை. கிடைத்த நேரத்திலெல்லாம் நூலகங்களில் அதனைத் தேடத் தொடங்கினேன். அவ்வாறு தேடிக் கண்டவற்றையே உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

காக்சாக்கி என்பது ஓர் ஊரின் பெயர். அமெரிக்க நாட்டில் நியூயார்க் மாநிலத்தில், ஹட்சன் ஆற்றங்கரையில் உள்ள சிறிய ஊர் அது. 1947-ஆம் ஆண்டுக் கோடையில் அங்கே சில குழந்தைகளுக்குக் காய்ச்சலும் கைகால் முடக்கமும் கண்டன. அக்காலத்தில் கோடை வந்தாலே அமெரிக்கப் பெற்றோர் நடுங்குவார்கள். இளம்பிள்ளை வாதம் என்று நாம் சொல்லும் போலியோ நோய் கோடையிலேதான் அங்குக் கொள்ளை நோயாகப் பரவும். எனவே காக்சாக்கியில் கண்டதும் போலியோவாகத்தான் இருக்கும் என்று எவரும் எண்ணியிருப்பர். ஆனால் எண்ணுவது வேறு, மெய்ப்பிப்பது வேறு அல்லவா?

போலியோ வைரஸை அக்காலத்தில் சோதிப்பது எளிதன்று. 1908-ஆம் ஆண்டில் வியன்னா நகரில் கார்ல் லாண்ட்ஸ்டைனர், எர்வின் பாப்பர் என்னும் இருவர், இந்நோயைக் குரங்குகளுக்கு ஏற்றிக் காட்டினர். அன்று முதல் போலியோ ஆராய்ச்சி என்றாலே குரங்குகள் தேவைப்பட்டன. அக்குரங்குகளிற் பெரும்பாலானவை எங்கிருந்து சென்றன, தெரியுமா? நம் நாட்டிலிருந்துதான். வட இந்தியாவில் வாழும் செம்முகக் குரங்குகள் ஆண்டுதோறும் பல்லாயிரக்கணக்கில் பிடிக்கப்பட்டு வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டன. 1955-ஆம் ஆண்டில் இந்திய அரசு இந்த ஏற்றுமதியைச் சில காலம் நிறுத்தியது. 1978-ஆம் ஆண்டில் முற்றிலும் தடை செய்தது. பழனிப் படிகளில் நம் கையிலிருக்கும் தேங்காய் மூடியைப் பறித்துச் செல்லும் குரங்கு வேறு இனம். ஆனால் அதன் வடநாட்டு உறவினங்கள் உலகக் குழந்தைகளுக்காகக் கொடுத்த உயிர்கள் கணக்கிலடங்கா. மருந்தின் வரலாற்றைப் படிக்கும்போது இதனையும் நாம் மறத்தல் கூடாது.

குரங்கு விலை மிகுந்தது, கிடைப்பதற்கும் அரியது. ஆகவே நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த கில்பர்ட் டால்டார்ஃப் என்னும் மருத்துவர் வேறு வழியை நாடினார். அவருக்குத் துணையாயிருந்தவர் கிரேஸ் சிக்கிள்ஸ் என்னும் அம்மையார். இருவரும் முடக்கம் கண்ட குழந்தைகளின் மலத்திலிருந்து வடித்தெடுத்த நீர்மத்தைச் சுண்டெலிகளுக்கு ஊசிமூலம் செலுத்தினர். வளர்ந்த சுண்டெலிகள் அல்ல. பிறந்து சில நாட்களே ஆன, பால்குடி மறவாத குஞ்சுகள். இந்தச் சிறு வேறுபாட்டிலேதான் கண்டுபிடிப்பே அடங்கியிருந்தது. வளர்ந்த எலிக்கு ஒன்றும் நேரவில்லை. குஞ்சுகளோ கைகால் முடங்கி மடிந்தன.

மடிந்த குஞ்சுகளை அறுத்து நுண்பெருக்கியில் நோக்கியபோது வியப்பு ஒன்று காத்திருந்தது. போலியோவாக இருந்தால் முதுகுத்தண்டின் நரம்பணுக்கள் சிதைந்திருக்க வேண்டும். இங்கோ நரம்பு கெடவில்லை, தசைகள் சிதைந்திருந்தன. முடக்கம் ஒன்றே, முடக்கிய வழி வேறு. ஆகவே இது போலியோ அன்று, இதுவரை எவரும் அறியாத ஒன்று என்று அவ்விருவரும் 1948-ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தனர். அதற்கு ஒரு பெயர் வேண்டுமே! தம் பெயரை அவர்கள் சூட்டிக்கொள்ளவில்லை. முதலில் அறியப்பட்ட நோயாளிகள் வாழ்ந்த ஊரின் பெயரையே டால்டார்ஃப் அதற்கு இட்டார். வரைபடத்தில் தேடித்தான் காண வேண்டிய ஒரு சிற்றூர், இவ்வாறு உலகத்து மருத்துவ நூல்களிலெல்லாம் இடம் பெற்றுவிட்டது.

மாணவர்களே, தசை என்ற சொல்லை இங்கே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். கையும் காலும் மட்டுமா தசை? இருதயமும் ஒரு தசையே. மற்றத் தசைகள் இரவில் ஓய்வு கொள்ளும். இருதயத் தசைக்கு அந்த ஓய்வு இல்லை. நிமிடத்துக்கு எழுபத்திரண்டு துடிப்பு என்று கொண்டால், ஒரு நாளைக்கு ஒரு லட்சத்துக்கு மேல் அது சுருங்கி விரிகிறது. எலிக்குஞ்சின் தசையைச் சிதைத்த வைரஸ், மனிதனின் இருதயத் தசையை விட்டுவைக்குமா? இக்கேள்விக்கு விடை தெரியச் சில ஆண்டுகள் ஆயின.

அதற்கிடையில் வேறு பல ஆய்வுக்கூடங்களும் டால்டார்ஃபின் வழியைப் பின்பற்றின. ஒன்றன்பின் ஒன்றாகப் புதிய வைரஸ்கள் கிடைத்தன. எலிக்குஞ்சுகளில் அவை விளைவிக்கும் கேட்டை ஒட்டி அவற்றை ஏ என்றும் பி என்றும் இரு பிரிவுகளாக வகுத்தனர். பி பிரிவில் ஆறு வகைகள் உள்ளன. டென்மார்க்கு நாட்டுக்கு உரிய பார்ன்ஹோம் தீவில் திடீரென்று விலாவில் கத்தி குத்தியதுபோல் வலி தரும் காய்ச்சல் ஒன்று பரவியதுண்டு. ஐனார் சில்வெஸ்ட் என்னும் மருத்துவர் 1930-களில் அதனை விரிவாக எழுதிவைத்திருந்தார். காரணம் மட்டும் தெரியாதிருந்தது. பி பிரிவு வைரஸ்களே காரணம் என்பது பின்னர் விளங்கிற்று. பழைய பூட்டு ஒன்றுக்குப் புதிய சாவி பொருந்தியதுபோல் அது நிகழ்ந்தது.

இருதயத்தைப் பற்றிய விடை ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. அது துயரம் நிறைந்த விடை. இன்று ஜிம்பாப்வே என வழங்கும் அன்றைய தெற்கு ரொடீசியாவில் மகப்பேறு இல்லம் ஒன்றிலும், தென்னாப்பிரிக்காவின் ஜொகானஸ்பர்க் நகரில் மகப்பேறு இல்லம் ஒன்றிலும், பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகள் அடுத்தடுத்து நோயுற்றன. பால் குடிக்க மறுத்தன, மூச்சுத் திணறின, சில இறந்தன. அக்குழந்தைகளுக்கு இருதயத் தசை அழற்சி கண்டிருந்தது. அதனோடு தொடர்புடையது காக்சாக்கி பி பிரிவு வைரஸே என்பதும் தெளிவாயிற்று. இவ்விரு செய்திகளும் 1955, 1956 ஆகிய ஆண்டுகளில் மருத்துவ இதழ்களில் வெளிவந்தன. எலிக்குஞ்சுகள் முன்கூட்டியே சொன்னதை மனிதக் குழந்தைகள் உறுதிப்படுத்திவிட்டன. பின்னர், வளர்ந்தவர்களையும் இளைஞர்களையும் கூட இது தாக்கும் என்பது தெரியவந்தது.

இனி, எனக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்த செய்திக்கு வருகிறேன். 1970-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காட்மைட்டன், சேசன், லெர்னர் என்னும் மூவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சுண்டெலிகளுக்குக் காக்சாக்கி பி-3 என்னும் வைரஸைச் செலுத்தினர். ஒரு பகுதியை ஓய்வாக விட்டனர். மற்றொரு பகுதியை வெதுவெதுப்பான நீர்த்தொட்டியில் நாள்தோறும் நீந்த வைத்தனர். இரு பகுதிக்கும் ஒரே வைரஸ்தான். ஆயினும் நீந்திய எலிகளின் இருதயத்தில் வைரஸ் பன்மடங்கு பெருகியிருந்தது. தசை மிகுதியாகச் சிதைந்திருந்தது. இறந்தவையும் அவற்றிலேயே மிகுதி. வைரஸ் தாக்கிய இருதயத்தைக் கடுமையாக உழைக்கச் செய்தால் நோய் கொடிதாகும் என்பதனை அந்த ஆய்வு தெளிவாகக் காட்டியது.

மதுரையில் ஒரு நூலகத்தில் தடித்த மருத்துவ நூல் ஒன்றில் இதனைப் படித்த நாளை நான் மறந்ததில்லை. 1970-இல் தெரிந்த உண்மை. நான் அந்தப் பையனை ஓடச் சொன்னது 1988-இல். நடுவே பதினெட்டு ஆண்டுகள்! அவனைவிடவும் மூத்த உண்மை அது. அது கடல் கடந்து நம் நாட்டு மருத்துவக் கல்லூரிகளுக்கு வந்திருந்தது. மதுரை மருத்துவருக்குத் தெரிந்திருந்தது. மதுரையிலிருந்து எங்கள் மலையடிவாரத்துப் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் வந்து சேரவில்லை. அறிவியல் ஆசிரியனாகிய நானும் அதனைத் தேடிச் செல்லவில்லை. காய்ச்சல் விட்டால் நோய் விட்டது என்று என் முன்னோர் சொல்லக் கேட்டதையே நானும் சொன்னேன். ஒரு நூற்றாண்டில் எத்தனை உண்மைகள் கண்டுபிடிக்கப்பட்டன என்பது மட்டும் வரலாறு ஆகாது. அவை யாருக்கு எப்போது வந்து சேர்ந்தன என்பதும் வரலாறே. வானொலி முன் அமர்ந்து நான் இன்று பேசுவதற்கு அதுவே காரணம்.

நம் நாட்டில் இத்துறையில் ஆராய்ச்சி நடைபெறவில்லை என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது. 1949-ஆம் ஆண்டிலேயே பம்பாயில் போலியோ ஆராய்ச்சிப் பிரிவு ஒன்று தொடங்கப்பட்டது. அது பிற்காலத்தில் குடல் வைரஸ் ஆய்வு மையம் என வளர்ந்தது. குடல் வைரஸ் என்ற பெயர் ஏன்? போலியோ, காக்சாக்கி முதலியவை ஒரே குடும்பத்தின் பிள்ளைகள். இவை வாய் வழியே உட்புகுந்து, குடலில் பெருகி, அங்கிருந்து இரத்தத்தில் கலந்து, ஒன்று நரம்பையும் மற்றொன்று தசையையும் நாடிச் செல்கின்றன. ஆகவே ஒன்றை ஆராய்பவர் மற்றொன்றையும் சந்தித்தே தீர வேண்டும்.

நம் தமிழகத்திலும் அத்தகைய சந்திப்பு நிகழ்ந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் வைரஸ் ஆய்வுக்கூடத்தை உருவாக்கி வளர்த்தவர் டாக்டர் டி. ஜேக்கப் ஜான். மேலைநாடுகளில் போலியோ சொட்டு மருந்தை மூன்று முறை கொடுத்தால் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளுக்கும் எதிர்ப்பாற்றல் உண்டாயிற்று. வேலூர்க் குழந்தைகளுக்கோ பலருக்கு உண்டாகவில்லை. ஏன்? வெப்ப நாட்டுக் குழந்தைகளின் குடலில் காக்சாக்கி போன்ற வேறு குடல் வைரஸ்கள் முன்பே குடியிருந்து, சொட்டு மருந்தின் வேலைக்கு இடையூறு செய்கின்றன என்ற கருத்து அப்போது செல்வாக்குப் பெற்றிருந்தது. கேட்பதற்குப் பொருத்தமாகவும் இருந்தது. ஜேக்கப் ஜானும் அவர் துணைவரும் அதனை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் சோதித்துப் பார்த்தனர். வேறு வைரஸ்களின் இடையூறு காரணமாகத் தெரியவில்லை. ஆனால் எதிர்ப்பாற்றல் குறைவாயிருப்பது மட்டும் உண்மை. 1972-ஆம் ஆண்டில் இம்முடிவை வெளியிட்டனர். மேலைநாட்டு அளவு நம் குழந்தைகளுக்குப் போதாது, இன்னும் பல முறை கொடுக்க வேண்டும் என்பது இதனால் தெளிவாயிற்று. 1995 முதல் நாடெங்கும் போலியோ சொட்டு மருந்து நாட்கள் நடத்தி, மீண்டும் மீண்டும் கொடுத்தோமே, அதற்குப் பின்னால் இத்தகைய ஆராய்ச்சி இருந்தது. இயற்கைப் போலியோ வைரஸால் நோயுற்ற இந்தியாவின் கடைசி நோயாளி, 2011-ஆம் ஆண்டு ஜனவரியில் மேற்கு வங்காளத்தில் கண்டறியப்பட்ட ஒரு சிறுமி. 2014-ஆம் ஆண்டு மார்ச்சு 27-ஆம் நாள் நம் நாடு போலியோ அற்றதாக அறிவிக்கப்பட்டது.

போலியோ ஒழிந்தது, அதன் உடன்பிறப்பு ஒழியவில்லை. 2022-ஆம் ஆண்டில் கேரளத்தில் குழந்தைகளுக்குச் சிவந்த கொப்புளங்களுடன் காய்ச்சல் பரவியபோது, அதனைத் ‘தக்காளிக் காய்ச்சல்’ என்று அனைவரும் பேசினர். கேரளத்துக்கு வந்து இங்கிலாந்து திரும்பிய இரு குழந்தைகளிடம் எடுத்த மாதிரியைச் சோதித்தபோது அதில் இருந்தது காக்சாக்கி ஏ-16 என்னும் வகையே. இது பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானே நீங்கும் நோய். இருதயத்தை மிகுதியாக நாடுவது பி பிரிவே. எனினும் காக்சாக்கி என்பது எங்கோ ஹட்சன் ஆற்றங்கரையில் உள்ள செய்தி அன்று, நம் வீட்டு வாசலில் உள்ள செய்தி என்பதற்கு இதனைக் கூறினேன்.

இந்த வைரஸ் இருதயத்தை எவ்வாறு கெடுக்கிறது என்பதனையும் இப்போது அறிஞர்கள் அறிவர். அதன் பருமன் ஏறத்தாழ முப்பது நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டவற்றை வரிசையாக அடுக்கலாம். இருதய அணுக்கள் ஒன்றோடொன்று கைகோத்து நிற்பதற்கு உதவும் புரதம் ஒன்று உண்டு. அதனையே பிடித்துக்கொண்டு இந்த வைரஸ் உட்புகுகிறது என்பது 1997-ஆம் ஆண்டில் தெரிந்தது. உள்ளே புகுந்தபின் அது உண்டாக்கும் நொதி ஒன்று, டிஸ்ட்ரோபின் என்னும் புரதத்தைக் கத்தரித்துவிடுகிறது என்பதனை 1999-ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். வீட்டுக்கு உத்தரம் எப்படியோ, தசையணுவுக்கு டிஸ்ட்ரோபின் அப்படி. உத்தரத்தை அறுத்துவிட்டால் கூரை தளர்வதுபோல், தசை தன் உறுதியை இழக்கிறது. போதாக்குறைக்கு, வைரஸை அழிக்க வரும் நம் உடலின் காவற்படையே நோயுற்ற தசையையும் சேர்த்துத் தாக்குகிறது. பலருக்கு இச்சண்டை ஓய்ந்து இருதயம் முழுதும் தேறிவிடும். சிலருக்கோ இருதயம் தளர்ந்து, பெருத்து, வலுவிழந்து போகும்.

ஒரே வைரஸ் ஒருவரை விட்டு மற்றொருவரை ஏன் வருத்துகிறது? சீன நாட்டின் வடகிழக்கில் கேஷான் என்னும் வட்டாரத்தில் 1935-ஆம் ஆண்டில் இருதய நோய் ஒன்று கொள்ளை நோய்போல் தோன்றியது. அந்நோய் காணும் பகுதிகளின் மண்ணில் செலினியம் என்னும் தாதுப்பொருள் மிகக் குறைவு. அம்மண்ணில் விளைந்ததை உண்டவர்களுக்கே நோய் கண்டது. செலினியம் கொடுத்தபோது நோய் பெரிதும் குறைந்தது. அங்கே நோயாளிகளிடம் காக்சாக்கி வைரஸும் காணப்பட்டது. 1990-களில் மெலிண்டா பெக் என்னும் அமெரிக்க அறிஞர், தீங்கற்ற காக்சாக்கி வைரஸ் ஒன்றைச் செலினியம் இல்லாத உணவு உண்ட எலிகளுக்குச் செலுத்தினார். அவ்வெலிகளின் உடலில் வைரஸே மாறிக் கொடியதாயிற்று. பின்னர் அது நல்ல உணவு உண்ட எலிகளையும் தாக்கியது. இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். ஊட்டமில்லாத ஒரு பிள்ளையின் உடல், அப்பிள்ளையை மட்டுமன்றி ஊட்டமுள்ள பிள்ளையையும் துன்புறுத்தக்கூடிய கிருமியை வளர்க்கலாம். பள்ளியில் போடும் சத்துணவு ஏழைப் பிள்ளையைக் காப்பதோடு நிற்பதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

காக்சாக்கிக்கு இன்றளவும் நம் கைக்கு எட்டிய தடுப்பூசி இல்லை. அதனை அழிக்கும் தனி மருந்தும் இல்லை. ஆகவே முன்னெச்சரிக்கையே மருந்து. இது மலத்தின் வழியாகவும், அழுக்கான கை, நீர், உணவு வழியாகவும், இருமல், சளி வழியாகவும் பரவுகிறது. கழிப்பறைக்குச் சென்று வந்தபின்னும் உண்பதற்கு முன்னும் சோப்புப் போட்டு நன்றாகக் கைகழுவுங்கள். சாராயம் கலந்த கைத்தடவு நீர் இவ்வகை வைரஸை எளிதில் வெல்வதில்லை. சோப்பும் நீருமே சிறந்தவை. எங்கள் அணையின் நீராயினும் காய்ச்சிக் குடியுங்கள்.

இன்னொன்று, நான் பெருவிலை கொடுத்துக் கற்றது. காய்ச்சல் கண்ட நாட்களிலும், விட்ட சில நாட்களிலும் ஓட்டம், பந்தாட்டம், பாரம் தூக்குதல் ஆகியவற்றைத் தவிருங்கள். எல்லாக் காய்ச்சலும் இருதயத்தைத் தாக்குவதில்லை, பெரும்பாலானவை வந்த வழியே போய்விடும், அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் காய்ச்சலுக்குப் பின் நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், படபடப்பு, மயக்கம், கால் வீக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். இருதயத் தசை அழற்சி என்று உறுதியானவர்கள் மருத்துவர் இசைவு தரும் வரை போட்டி விளையாட்டுகளில் கலந்துகொள்ளக் கூடாது என்பது இன்றைய மருத்துவர் வகுத்துள்ள நெறி. தைப்பூசத்தின்போது எங்கள் ஊர்ச் சாலைகளில் பாத யாத்திரையாக எத்தனையோ இளைஞர்கள் வருகிறார்கள். சிலர் உடம்பு கொதிக்கும்போதும் நடக்கிறார்கள். முருகன் எங்கும் போய்விட மாட்டான். உடல் தேறியபின் வாருங்கள் என்று அவர்களுக்குச் சொல்லுவேன்.

ஆசிரியர்கள் எவரேனும் இதனைக் கேட்டுக்கொண்டிருந்தால், அவர்களுக்கும் ஒரு சொல். நான் தலைமை ஆசிரியனானதும் முதலிற் செய்த காரியம், விளையாட்டுப் பதிவேட்டில் ஒரு கட்டம் கூடுதலாக வரைந்ததுதான். ‘கடைசியாகக் காய்ச்சல் கண்ட நாள்’ என்பது அதன் தலைப்பு. போட்டிக்கு முன் ஒவ்வொரு பிள்ளையையும் கேட்டு அதனை நிரப்ப வேண்டும். இரண்டு நிமிட வேலை; ஒரு பைசாச் செலவில்லை. “மூச்சு வாங்குகிறது” என்று ஒரு பிள்ளை சொன்னால் அதனைச் சோம்பல் என்று கொள்ளாமல், சான்று என்று கொள்ளுங்கள். டால்டார்ஃப் தம் எலிக்குஞ்சு காட்டியதை நம்பினார். நான் என் மாணவன் சொன்னதை நம்பவில்லை.

அந்த மாணவன் பின்னர் வீட்டில் இருந்தபடியே படித்துத் தேறினான். இன்று நடுத்தர வயதினர். ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். கிருத்திகைதோறும் பழனிக்குச் செல்கிறார். மற்றவர்கள் படியேறும்போது அவர் விஞ்சு வண்டிக்கு வரிசையில் நிற்பார். சென்ற ஆண்டு ஒரு கிருத்திகையன்று நானும் முழங்கால் வலியால் அதே வரிசையில் நின்றேன். “வாத்தியாரய்யாவும் படியேறுவதை விட்டுவிட்டீர்களா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். எனக்கு அறுபது வயதுக்கு மேல் வந்த நிலை அவருக்குப் பதினான்கு வயதிலேயே வந்துவிட்டது என்பதை நினைத்தேன். வாய் திறந்து சொல்ல முடியவில்லை. இருவரும் ஒரே வண்டியில் மேலே சென்றோம். இறங்கும்போது, “பதிவேட்டில் அந்தக் கட்டம் இப்போதும் இருக்கிறதா, ஐயா?” என்று கேட்டார். இருக்கிறது என்றேன். “இருக்கட்டும்” என்றார்.

மாணவர்களே, நாளை உங்களில் ஒருவர் இந்த வைரஸுக்குத் தடுப்பூசி காணலாம். அப்படிக் கண்டால் மகிழ்ச்சி. காணாவிட்டாலும், கற்ற ஓர் உண்மையை உங்கள் ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது உங்கள் எல்லாராலும் முடியும். இன்று மாலை விளையாடச் செல்லுமுன், உங்கள் தோழனுக்குக் காய்ச்சல் கண்டிருந்ததா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.